இரண்டு கையிலும் பந்து

பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலத்தில் என்னிடம் ஒரே ஒரு மருந்துதான் இருந்தது. வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரே. கணுக்கால் பிசகினால் ஸ்ப்ரே, முழங்கால் வீங்கினால் ஸ்ப்ரே. ஒரு தடவை பல்லில் பந்து பட்டு அழுதுகொண்டு வந்தவனைப் பார்த்ததும் கை தன்னால் டப்பாவைத் தேடிப் போனது. அவன் என்னைவிட விவரமானவன், வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டான். அடித்து முடித்ததும் சொல்வதற்கு ஒரு மந்திரமும் வைத்திருந்தேன்: "ஒண்ணுமில்ல லே, ஓடு." முக்கால்வாசிப் பேர் ஓடினார்கள். அதை என் கைராசி என்று நம்பிக்கொண்டிருந்தேன். அங்கே நின்றால் இன்னொரு முறை அடிப்பேன் என்ற பயம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இப்படிப்பட்ட ஆளிடம் போய், விளையாட்டுச் சிகிச்சை படித்த அனுபவத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள் அந்தத் துறைப் பிள்ளைகள். எங்கள் காலத்தில் ஒரு வருடப் பட்டயமாக இருந்த படிப்பு இப்போது முழுப் பட்டப்படிப்பாகிறதாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். "சார், நீங்கதான் முதல் செட்டு. என்ன படிச்சீங்க, அது எதுக்கு ஆச்சுன்னு எழுதுங்க" என்றார்கள். நான் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறேன். காலையில் வண்ணார்பேட்டைப் பக்கம் நடப்பதும், எதிரே வருகிறவர்களின் கால்களை வேடிக்கை பார்ப்பதும்தான் இப்போதைய உத்தியோகம். "வயசான காலத்துல அடுத்தவ காலையே பாத்துக்கிட்டு வாரீக. என்னைக்காவது ஒருத்தி செருப்பக் கழட்டப் போறா, நான் விலக்கிவிட வரமாட்டேன் பாத்துக்கிடுங்க" என்று என் மனைவி எச்சரித்திருக்கிறாள். அந்தப் பழக்கம் எங்கிருந்து தொற்றியது என்பதை அவளுக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நாற்பத்தைந்து வயதில் நான் படிக்கப் போனதற்குக் காரணம் நீளம் தாண்டும் ஒரு மாணவி. தொடையின் பின்பக்கத் தசை அவளுக்கு ஒரே இடத்தில் மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. "ஏன் சார் அதே இடத்துல வருது?" என்று கேட்டாள். "ஒனக்கு நேரம் சரியில்ல" என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. ஸ்ப்ரே டப்பாவில் இதற்கு ஏதாவது போட்டிருக்கிறதா என்று தேடிக்கூடப் பார்த்தேன். காலாவதி தேதிதான் இருந்தது. அதுவும் தாண்டியிருந்தது.

படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு சேர்ந்தேன். வகுப்பில் மற்றவர்களெல்லாம் என் பிள்ளைகள் வயது. முதல் பெஞ்சில் இருந்தவன் நான் ஒரு காலத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்ட என் பழைய மாணவன். இப்போது பரீட்சை நெருங்கினால் அவன் என்னை ஓடவிட்டான். "சார், கீழ்க்கால்ல ரெண்டு எலும்பு. தடியானது உள்பக்கம், ஒல்லியானது வெளிப்பக்கம். மாத்தி எழுதிராதீங்க." அந்த ஒல்லி எலும்பின் தலை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்தில் கைக்குத் தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு பாதத்துக்கு இறங்குகிறது. டவுன் பஸ் தெருமுக்குக் கடையை உரசிக்கொண்டு திரும்புகிற மாதிரி அது திரும்புகிறது என்று நானாக ஒரு குறிப்பு வைத்து மனப்பாடம் செய்தேன். மீதி எலும்புகளுக்கும் இப்படியே திருநெல்வேலியில் பஸ் விட்டேன். தேறிவிட்டேன்.

எங்களுக்குத் தலைமை ஹெப்சி மேடம். பாளையங்கோட்டைக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். குரல் எழும்பவே எழும்பாது. முதல் நாள் வருகைப் பதிவில் என் பெயர் வந்ததும் நிமிர்ந்து பார்த்து, "அண்ணாச்சி, ஒங்களுக்குப் பின்னால மறையுதே, அந்தப் பிள்ளைக்கு வழி விட்டு உக்காருங்க" என்றார். அன்றிலிருந்து வகுப்பு முழுக்க எனக்கு அண்ணாச்சிதான். நான் அவரை மேடம் என்பேன். அவர் கேட்டால் எழுந்து நிற்பேன். எழும்போது என் முழங்கால் போடும் சத்தத்தை வைத்து ஒரு பாடமே நடத்தினார்.

சிகிச்சைக்கு வருகிறவர்களைப் பரிசோதிக்க அவர் வைத்திருந்த முறை விசித்திரமானது. விளையாட்டரங்கின் கேலரிக்கு அடியில் எங்கள் சிகிச்சை அறை. ஆள் உள்ளே வருவதற்கு முன்பே மேடம் ஒரு கூடையிலிருந்து டென்னிஸ் பந்துகளை எடுத்து, எங்கள் ஒவ்வொருவருக்கும் கைக்கு ஒன்றாக இரண்டு கொடுத்துவிடுவார். அவர் சொல்கிறவரை பந்து கையைவிட்டுப் போகக் கூடாது. பந்து இருக்கும்வரை யாரையும் தொட முடியாது. பார்க்கலாம், கேட்கலாம், அவ்வளவுதான். ஆள் எப்படி வருகிறார், எந்தக் காலை முதலில் வைக்கிறார், நாற்காலியில் எந்தப் பக்கம் சாய்கிறார், சட்டையை எந்தக் கையால் கழற்றுகிறார் என்பதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் பந்து கூடைக்குத் திரும்பும்.

எனக்கு அது பெரிய தண்டனை. இருபது வருடமாக, எவனாவது கீழே விழுந்தால் அவன் "அம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் காலைப் பிடித்து இழுத்துப் பழகிய கை. பளு தூக்கும் ஒருவர் தோள்பட்டை வலி என்று வந்தார். அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டதும் என் கை பாய்ந்துவிட்டது. பந்து ஒன்று கட்டிலுக்கு அடியிலும் இன்னொன்று மேடம் காலடியிலும் போய் நின்றன. மேடம் குனிந்து எடுத்துக் கொடுத்தார். "ஒங்க கை ரொம்ப வேகம் அண்ணாச்சி. கண்ணு இன்னும் பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கு" என்றார்.

பந்தை வைத்த பிறகும் ஒழுங்கு உண்டு. முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்க வேண்டும். "தொடட்டுமா?" என்று கேட்க வேண்டும். சரி என்ற பிறகு நோவு இல்லாத பக்கத்தைத்தான் முதலில் தொட வேண்டும். அந்த ஆளுக்கு எது சரியான அளவு என்று அவருடைய நல்ல கால்தான் சொல்லும் என்பார். எல்லாம் முடித்து நாங்கள் ஒரு முடிவைச் சொன்னால், பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். தலையைச் சற்றே சாய்த்து, "அப்புறம்?" என்பார். அந்த ஒரு வார்த்தையில் எங்கள் முடிவு பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

ஒரு புரட்டாசி மாதம் கபடி அணியின் பயிற்சியாளர் மாரியப்பன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாரியப்பன் எனக்குப் பழக்கமான ஆள். மனதில் நினைப்பதைக் குறைத்துச் சொல்லத் தெரியாதவர். பெண்ணின் பெயர் செல்வி, முக்கூடல்காரி, அணியில் முதல் ஆளாக எதிராளி பக்கத்துக்குப் பாடிப் போகிறவள். அவளுக்கு அது கல்லூரியில் கடைசி வருடம். பொங்கல் கழிந்து பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதில் வந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு வழி பிறக்கும். வராவிட்டால் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தயாராக இருந்தார்கள்.

"மேடம், இவளுக்கு ஒண்ணும் கெடையாது. நடிக்கா" என்று ஆரம்பித்தார் மாரியப்பன். "காய்ச்சல்னு லீவு போட்டுட்டு வந்தா. சரி, கொஞ்சம் தெம்பு வரட்டும்னு ரெய்டுல ரெண்டாவதாப் போட்டேன். அன்னையில இருந்து கால இழுக்கா. எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாச்சு, எலும்பு கல்லு மாதிரி இருக்கு. ஏட்டி, நீயே சொல்லு, நடிக்கியா இல்லியா?"

"நடிக்கத் தெரிஞ்சா ஒங்ககிட்ட எதுக்கு சார் வாரேன், சீரியலுக்குல்லா போயிருப்பேன்" என்றாள் செல்வி.

"பாத்தீங்களா, வாய்க்கு மட்டும் ஒரு நோவும் இல்ல."

மேடம் என் கையில் பந்துகளைக் கொடுத்தார். "அண்ணாச்சி, கண்ணையும் மூடிக்கிடுங்க" என்றார். செல்வியை வராந்தாவில் வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். இரண்டு கையிலும் பந்து, கண்ணும் மூடியாயிற்று. இனி மூச்சையும் நிறுத்தச் சொல்வாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அது கேட்டது. இடது கால் பைய இறங்கியது, குதிகால், பிறகு விரல்கள். வலது கால் இறங்கும்போது மட்டும் சப்பென்று ஒரு சத்தம், ஈரத்துணியைத் தரையில் போட்ட மாதிரி. பைய, சப். பைய, சப். எக்ஸ்ரேயில் இந்தச் சத்தம் விழாது அல்லவா?

பந்தை வைத்துவிட்டு, கையைத் தேய்த்து, அனுமதி கேட்டு, நல்ல காலிலிருந்து தொடங்கினேன். இடது காலின் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி, என் விரலால் கீழே அழுத்தினேன். அசையவில்லை. வலது கட்டைவிரலையும் தூக்கினாள். என் சுண்டுவிரல் பட்டதுமே சாய்ந்துவிட்டது. பஞ்சால் புறங்காலை வருடினால் இடது பக்கம் கூச்சப்பட்டுச் சிரித்தாள். வலது பக்கம், "தொட்டுட்டீங்களா சார்?" என்றாள். முதுகில் கோளாறு இல்லை, கணுக்கால் கெட்டி. மேடம் நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார். மின்சாரம் விட்டுப் பார்க்கும் சோதனை செய்து அவரும் எழுதிக் கொடுத்தார்: முழங்காலின் வெளிப்பக்கத்தில், எலும்பை ஒட்டி நரம்பு திரும்பும் இடத்தில் நசுங்கியிருக்கிறது, நசுக்குவதை நீக்கினால் தேறிவிடும். என் டவுன் பஸ் முக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. மறித்து நிற்பது எது என்பது மட்டும் தெரியவில்லை.

ஆளாளுக்குத் துப்பறிந்தோம். அடி பட்டதா? இல்லை. முழங்கால் உறை இறுக்கமோ? அதைக் கழற்றிப் பார்த்தும் மாற்றமில்லை. மல்லாந்து படுக்காமல் ஒரு பக்கமாகவே படுக்கிறாளோ? இல்லை. "வீட்ல வேல ஏதும் பாக்கியாம்மா?" என்று மேடம் கேட்டார். "வேலைக்கெல்லாம் போகல மேடம். காலேஜ் விட்டா வீட்லதான் இருப்பேன்" என்றாள். 'வீட்டில் ஓய்வு' என்று நான் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

மாரியப்பன் இடையிடையே வந்து எட்டிப் பார்த்தார். "என்ன வே, கண்டுபிடிச்சாச்சா? நரம்பு நசுங்கிருக்குங்கீங்க. நசுக்குனது யாருன்னு கேட்டா முழிக்கீங்க. பேய் கீய் நசுக்கிட்டுப் போகுதா? எனக்கு ஒரே ஒரு சொல்லு போதும். எடுக்கட்டுமா, விடட்டுமா?" விட்டால் அவளுடைய இடத்துக்கு வேறொரு பெண்ணைத் தயார்செய்ய வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. நியாயமான அவசரம்தான். செல்வி எதையும் கேட்காதவள்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு நாள் மத்தியானம், அவள் காலில் தசையைத் தூண்டும் மின்கருவியை வைக்கப் போகும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றது. கேலரிக்கு அடியில் காற்றே கிடையாது. பெஞ்சில் இருந்த செல்வி இறங்கி, சிமெண்டுத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு காலையும் மடித்துச் சம்மணம், வலது கால் மேலே, மடியில் பை. யாரும் சொல்லாமலே நான் பந்துகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். வேர்வையைத் துடைக்கக்கூட கை இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் கையில் பஸ் டிக்கெட் ஒன்று இருந்தது. பேச்சு எங்களோடுதான், விரல்கள் மட்டும் தம் பாட்டுக்கு அதைச் சுருட்டிக்கொண்டிருந்தன. ஒரு நுனி ஒல்லியாக, மறு நுனி சற்று அகலமாக. சுருட்டி முடித்து, அகலமான வாயைக் கட்டைவிரல் நகத்தால் உள்ளே மடித்து மூடினாள். எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்து அடையாளம் தெரியாதவர் யாரும் இருக்க முடியாது.

"ஏட்டி, நீ பீடி சுத்துவியா?"

"ஆமா சார். அதுக்கென்ன?"

"அன்னைக்கு வேல ஒண்ணும் பாக்கலன்னு சொன்ன?"

"அது வேலையா சார்? வீட்லதான இருக்கேன்" என்றாள், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து.

அவள் மறைக்கவில்லை. அங்கே யாரும் அப்படித்தான் சொல்வார்கள். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்ணைப் பற்றி விசாரித்தால், "சும்மா வீட்லதான் இருக்கா" என்பதுதான் பதில். என் சித்தி கல்யாணம் ஆகிற நாள்வரை சுற்றியவள். அவளைப் பற்றி மேடம் என்னிடம் கேட்டிருந்தால், 'வீட்டில் ஓய்வு' என்று நானும் அதே அழகான கையெழுத்தில் எழுதியிருப்பேன்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. பந்துகளைக் கூடையில் போட்டுவிட்டு அவளுக்கு எதிரே தரையில் இறங்கினேன். நான் தரையில் உட்கார்வது ஒரு கட்டடத்தை இறக்குவது மாதிரி. முதல் பெஞ்சுப் பையன் கை கொடுத்தான். "எப்படி உக்காருவ, அப்படியே காமி" என்றேன். அவள் மாதிரியே மடித்து, வலது காலை மேலே போட்டு, மருந்துத் தட்டு ஒன்றை மடியில் வைத்து, ஒரு டிக்கெட்டையும் வாங்கிச் சுருட்டினேன்.

"சார், இது பீடி இல்ல. சுருட்டு."

இன்னொன்று சுருட்டினேன். "இது பட்டாசு" என்றாள். அறையில் இருந்த அத்தனை பேரும் வந்து கூடிவிட்டார்கள். இலை வெட்டுவது, தூள் போடுவது, நூல் கட்டுவது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் கேட்டுக்கொண்டே சுருட்டினேன். தட்டு சரியக் கூடாது என்பதால் காலை ஆட்டவே முடியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கரண்ட் வந்தது. அவள் எழுந்து சப், சப் என்று நடந்து பெஞ்சுக்குப் போனாள். அறைக்கு வந்தபோது இருந்ததைவிடச் சத்தம் பெரிது. நானும் எழுந்தேன். எழுந்தது இடது கால் மட்டும். வலது காலைக் காணவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தேன்.

சப்.

அறையே வெடித்துச் சிரித்தது. வாசலில் மேடம் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"மேடம், எனக்கும் வந்துட்டு."

அவரும் சிரித்தார். ஆனால் நம்பவில்லை. "அண்ணாச்சி கால் மரத்துப்போனது நல்ல வேடிக்கை. ஆதாரம் கிடையாது" என்று சொல்லிவிட்டு, செல்வியை மறுபடி தரையில் உட்காரவைத்துத் தானும் எதிரே உட்கார்ந்தார். கையைத் தேய்த்தார். "தொடட்டுமா?" மடித்த வலது காலுக்கு அடியில் விரல்களை நுழைத்துப் பார்த்தார். உடம்பின் பாரமும் தட்டின் பாரமும் சேர்ந்து, அந்த ஒல்லி எலும்பின் தலை இடது பாதத்தின் விளிம்பில் போய் அழுந்திக்கொண்டிருந்தது. காலை நீட்டச் சொல்லி அந்த இடத்தில் ஒரு விரலால் மெதுவாகத் தட்டினார்.

"ஆ! ஷாக் அடிக்கி மேடம். பெருவிரல் வரைக்கும் போகுது."

கட்டிலில் படுக்கவைத்தும் நடக்கவைத்தும் பார்த்த எங்களுக்கு, தரையில் உட்காரவைத்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை. நாங்கள் படித்த புத்தகங்களில் எல்லோரும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கண்டுபிடித்துவிட்ட பெருமையில் நான் நெஞ்சை நிமிர்த்தினேன். நிமிர்த்த முடிந்தது நெஞ்சை மட்டும்தான். காலில் இன்னும் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

மேடம் தலையைச் சாய்த்தார். "அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம்? பீடி சுத்துதா, நரம்பு நசுங்குது."

"முக்கூடல்ல வீட்டுக்கு வீடு சுத்துதாங்க. அத்தன பேரும் இப்படியா நடக்காங்க? இவளுக்கு மட்டும் ஏன் வருது?"

அந்த ஏன் என்னை மறுபடி பள்ளிக்கூட மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய், நீளம் தாண்டுகிற பெண்ணுக்கு முன்னால் நிறுத்தியது. இந்தத் தடவை நேரம் சரியில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த வாரமே மேடமும் நானும் முக்கூடலுக்குப் பஸ் ஏறினோம்.

செல்வியின் தெருவில் கதவு திறந்திருந்த வீட்டிலெல்லாம் பெண்கள் தட்டும் மடியுமாக இருந்தார்கள். யாராவது எழுந்தால் ஒரு காலை உதறிவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தார்கள். ஒருத்தி உதறுவாள், இரண்டு வீடு தள்ளி இன்னொருத்தி உதறுவாள். எத்தனையோ முறை அந்த மாதிரித் தெருக்களில் நடந்திருக்கிறேன். அதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கால் மரத்துப்போறதெல்லாம் ஒரு நோவா மேடம்? அது வந்துட்டுப் போவும்" என்றாள் செல்வியின் அம்மா, பேசிக்கொண்டே சுற்றியபடி. "எங்களுக்கெல்லாம் காலு போயிட்டா? இவ ஒருத்திக்குத்தான் ஊர்ல இல்லாத காலு."

சுவரில் செல்வி கோப்பையோடு நிற்கும் படம் மாட்டியிருந்தது. மேடம் அதன் அருகில் போய் நின்றார். படத்தில் இருந்த பெண்ணுக்குக் கன்னம் நிறைந்து கெண்டைக்கால் திரண்டிருந்தது. மேடம் படத்தையும் செல்வியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காய்ச்சலுக்கு முன்னால எடுத்ததா?"

"ஆமா மேடம். ஆடியில டைபாய்டு வந்துல்லா வத்திப்போயிட்டா" என்றாள் அம்மா. "காய்ச்சல் விட்டும் காலேஜுக்குப் போவ தெம்பில்ல. எனக்கும் கை வலி. சும்மா கெடக்காளேன்னு என் பங்கையும் சேத்துச் சுத்துனா. பகல் முழுக்க எந்திரிக்கவே மாட்டா, அவ்வளவு சூட்டிக்கை."

மேடம் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எலும்புக்கும் நரம்புக்கும் மேலே மெத்தையாக இருந்த சதையைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. மெத்தை போன நேரத்தில் உட்காரும் நேரம் இரண்டு மடங்காகியிருக்கிறது. உடம்பு தேற ஓய்வெடுக்கிறாள் என்று வீடு நினைத்துக்கொண்டிருந்த மாதத்தில்தான் கால் போயிருக்கிறது. இந்த முறை மேடம் அப்புறம் என்று கேட்கவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அந்தப் படிப்பில் கிடைத்ததில்லை.

சம்மணம் போடக் கூடாது. ஆனால் பீடியை விட்டுவிடச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. நான் அறிவாளித்தனமாக ஒரு யோசனை செய்து, என் பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட சாய்வு பெஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கி, முக்கூடலுக்கு வேனில் ஏற்றிப்போய் இறக்கினேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அதில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. "பெஞ்சுல இருந்து சுத்துனா பீடி ஓட மாட்டேங்கு சார்" என்றாள் அம்மா. வழி கண்டுபிடித்தது செல்விதான். சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் நேராக நீட்டி, தொடைமேல் தலையணை, அதன்மேல் தட்டு. "பாதி வீட்ட அடைச்சுக்கிட்டு நீட்டிக்கிட்டிருக்கா, தாண்டித் தாண்டி எனக்குக் கால் போவுது" என்று அம்மா புலம்பினாள். முட்டையும் நிலக்கடலையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னோம். அந்த வத்தல் வேறு கொஞ்சம் எனக்குக் கிடைத்தது.

பிறகு காத்திருப்புதான். ஒவ்வொரு வாரமும் அவள் கட்டைவிரலும் என் விரலும் மல்லுக்கட்டும். ஐப்பசியில் அவள் விரல் கொஞ்சம் முக்கிப் பார்த்தது. கார்த்திகையில் நடுங்கிக்கொண்டே நின்று, பிறகு சாய்ந்தது. மாரியப்பனிடம் மேடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: இரண்டு கட்டைவிரலும் ஒரே மாதிரி எதிர்த்து நிற்க வேண்டும், ஒற்றைக் காலில் தாவி இறங்கினால் சத்தம் வரக் கூடாது, அதற்குப் பிறகுதான் களம். அவர் இன்னொரு பெண்ணையும் தயார்செய்துகொண்டுதான் இருந்தார். அதையும் செல்விக்குத் தெரியும்படிதான் செய்தார்.

மார்கழிக் கடைசி வாரத்தில் மாரியப்பனும் வந்து நிற்க, செல்வி கட்டிலில் காலை நீட்டினாள். விரலைத் தூக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் அழுத்தினேன். நின்றது.

"நின்னுட்டு மேடம்!" என்றேன்.

மேடம் வந்து என் விரலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கூடையிலிருந்து இரண்டு பந்துகளை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஒங்க விரலுக்கு இரக்கம் ஜாஸ்தி அண்ணாச்சி. மாரியப்பன் சார், நீங்க வாங்க."

மாரியப்பன் கையைத் தேய்க்கவில்லை, மேடம் தேய்க்க வைத்தார். "தொடட்டுமாட்டி?" என்று வெட்கத்தோடு கேட்டார். முதலில் இடது விரலை அழுத்தினார். பிறகு வலது விரல். அவர் விரல் ஒவ்வொன்றும் என்னுடையதில் ஒன்றரைப் பங்கு இருக்கும். அழுத்தினார். செல்வி பல்லைக் கடித்தாள். பந்துகள் என் கையில் நசுங்கின. மாரியப்பன் மூச்சுப் பிடித்து இன்னும் அழுத்தினார்.

விரல் அப்படியே நின்றது.

"என்னட்டி இது, கம்பியா வச்சுருக்க?" என்று கையை உதறினார்.

"இப்ப நடிக்காளா சார்?" என்றார் மேடம், அந்த எழும்பாத குரலில்.

மாரியப்பன் தலையைச் சொறிந்தார். "அப்பவும் நடிக்கல மேடம்" என்றார். செல்வி அன்றைக்கும் ஜன்னல் பக்கம்தான் திரும்பிக்கொண்டாள்.

தேர்வு நாளில் நான் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். முதல் ரெய்டுக்கு அவளைத்தான் அனுப்பினார் மாரியப்பன். அவள் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். கபடி கபடி என்று அவள் குரல் தூரமாகப் போனது. பக்கவாட்டில் ஓடியது, நின்றது, பாய்ந்தது. யாரோ கத்தினார்கள். குரல் திரும்பி வந்தது. விசில்.

"என்ன வே, பிள்ளை ஆளைத் தொட்டுட்டு வந்து நிக்கா, நீரு கண்ண மூடி ஜெபம் பண்ணுதீரா?" என்றார் மாரியப்பன்.

"இல்ல வே. கேட்டுக்கிட்டிருந்தேன்."

"என்னத்தக் கேட்டீரு?"

"ஒண்ணுமே கேக்கல" என்றேன். அவருக்கு அது புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் முதுகில் ஒன்று வைத்தார். அந்த இடத்துக்கு ஸ்ப்ரே அடித்தேன்.

செல்வியை எடுத்தார்கள். ஒதுக்கீட்டில் வேலையும் கிடைத்தது. இன்றைக்கும் பொங்கலுக்கு முக்கூடலிலிருந்து எனக்கு வத்தல் வருகிறது, அந்தப் பெஞ்சில் காய்ந்ததுதான். நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி, ஓய்வு பெறும்வரை இரண்டு டென்னிஸ் பந்துகளைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். டென்னிஸ் மைதானமே இல்லாத பள்ளிக்கூடத்தில் அது எதற்கு என்று தலைமையாசிரியர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

போன வாரம் வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் மனைவியோடு நின்றிருந்தேன். பின்னால் யாரோ நடந்து வந்தார்கள். பைய, சப். பைய, சப். திரும்பிப் பார்த்தேன். நடுத்தர வயதுப் பெண், கையில் காய்கறிப் பை, தேய்ந்த வலது செருப்பு. மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"தப்பா நெனைக்கக் கூடாது தாயி. வீட்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

அவர் செருப்பைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "நானா? ஒண்ணும் செய்ய மாட்டேன் அண்ணாச்சி. சும்மாதான் இருப்பேன்."

எங்கள் பஸ் வந்து நின்றது. மனைவி ஏறி இடம் பிடித்துவிட்டு ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையைச் சற்றே சாய்த்தேன்.

"அப்புறம்?" என்றேன்.